ஜம்போவின் கதையில் உண்மை எது, கருத்து எது?

"மயில் நம் தேசியப் பறவை" என்பது உண்மை. "மயிலே அழகான பறவை" என்பது கருத்து. இதை மாணவர்கள் எளிதில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையைப் போலவே தோன்றும் கூற்று எதிரே வரும்போதுதான் தடுமாறுகிறார்கள். கைபேசியில் நாள்தோறும் அவர்களுக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் அத்தகைய கூற்றுகளே. இதற்குப் பயிற்சி தர, எட்டாம் வகுப்பில் சர்க்கஸ் விலங்குகளின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பாடவேளை போதும்.

செயல்பாடு

முதலில் ஜம்போ என்னும் ஆப்பிரிக்க யானையின் கதையைச் சுருக்கமாகச் சொல்வேன். 1865 முதல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் வாழ்ந்து, குழந்தைகளை முதுகில் சுமந்த யானை அது. பின்னர் கரும்பலகையில் ஐந்து கூற்றுகளை எழுதுவேன்.

1. 1882இல் ஜம்போவை அமெரிக்க சர்க்கஸ் உரிமையாளர் பர்னம் வாங்கினார்.
2. அதை விற்றது பெருந்தவறு.
3. உலகிலேயே மிகப் பெரிய யானை ஜம்போதான்.
4. 1885 செப்டம்பர் 15 அன்று கனடாவின் செயின்ட் தாமஸ் நகரில் சரக்கு ரயில் மோதி ஜம்போ இறந்தது.
5. டாம் தம் என்ற சிறிய யானையைக் காப்பாற்றவே ஜம்போ உயிர் கொடுத்தது.

குழுக்கள் ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதைச் சரிபார்க்க முடியுமா? எதைக் கொண்டு சரிபார்ப்போம்? இதைச் சொன்னவர் யார், அதனால் அவருக்கு என்ன பயன்?

கலந்துரையாடல்

1, 4 ஆகியவற்றை ஆவணங்களைக் கொண்டு சரிபார்க்கலாம். இரண்டாவது கருத்து. மூன்றாவதைப் பலர் 'கருத்து' என்பார்கள். அங்கே சற்று நிறுத்துங்கள். உயரத்தை அளக்க முடியும். ஆகவே அது சரிபார்க்கத்தக்க கூற்று. ஆனால் ஜம்போவைவிட உயரமான ஆப்பிரிக்க ஆண் யானைகள் இருந்திருக்கின்றன. எனவே அது தவறான கூற்று. 'சரிபார்க்கத்தக்கது' வேறு, 'சரியானது' வேறு என்பது இங்கே மாணவர்களுக்குத் தெளிவாகும்.

ஐந்தாவதே பாடத்தின் மையம். காட்சி முடிந்து தண்டவாளத்தின் வழியே இரு யானைகளையும் அழைத்துச் சென்றபோது ரயில் வந்தது. டாம் தம் காயத்தோடு பிழைத்தது. இவை நிகழ்வுகள். 'காப்பாற்றவே' என்ற சொல்லோ யானையின் மனத்தில் இருந்த நோக்கத்தைச் சொல்கிறது. இந்தத் தியாகக் கதையைப் பரப்பியவர் பர்னம். இறந்த ஜம்போவின் பாடம் செய்த உடலையும் எலும்புக்கூட்டையும் ஊர் ஊராகக் காட்டி வருவாய் ஈட்டியவரும் அவரே. மூன்றாம் கேள்வியின் தேவை இப்போது விளங்கும்.

நம் நாட்டு எடுத்துக்காட்டு

கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சி விலங்குகளாகப் பழக்குவதற்கு 1998இல் இந்திய அரசு தடை விதித்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2000இல் கேரள உயர்நீதிமன்றமும் 2001இல் உச்சநீதிமன்றமும் தடையை உறுதிசெய்தன. இவை உண்மைகள். "தடை நியாயமானது", "தொழிலாளர்களின் பிழைப்பு கெட்டிருக்கக் கூடாது" என்பவை கருத்துகள். "விலங்குகள் இல்லாததால்தான் சர்க்கஸ் நலிந்தது" என்பது காரணம் கூறும் கூற்று. தொலைக்காட்சி, திரைப்படம் போன்ற பிற காரணங்களையும் பார்க்காமல் இதை ஏற்க முடியாது.

ஆசிரியர் கவனத்திற்கு

கருத்து என்றாலே தாழ்ந்தது என்ற எண்ணம் மாணவர்களிடம் வளர்ந்துவிடக் கூடாது. விலங்குகளை எப்படி நடத்த வேண்டும் என்பதைத் தேதிகளும் அளவுகளும் மட்டும் முடிவு செய்துவிடாது. அதற்குக் கருத்து வேண்டும். அந்தக் கருத்து சரிபார்த்த உண்மைகளின் மேல் நிற்க வேண்டும்.

மதிப்பீடு

ஒரு சர்க்கஸ் விளம்பரத்தையோ செய்தித்தாள் துணுக்கையோ கொடுத்து, உண்மைக்கு நேர்க்கோடும் கருத்துக்கு வளைகோடும் சரிபார்க்க வேண்டியவற்றுக்குக் கேள்விக்குறியும் இடச் செய்யலாம். பிறகு இரண்டு உண்மைகளை ஆதாரமாகக் கொண்டு தம் கருத்தை நான்கு வரிகளில் எழுதட்டும். மாணவர் எந்தப் பக்கம் நின்றார் என்று பார்த்து நான் மதிப்பெண் இடுவதில்லை. கருத்தை உண்மைகள் தாங்குகின்றனவா என்றே பார்க்கிறேன்.