கணக்குப் பெட்டிக்குப் பூட்டு: சாவி யாரிடம்?



நாள்வழி, பேரேடு என்று புத்தகத்தில் கணக்கு எழுதிய காலத்தில், புத்தகத்தை விலைக்கு வாங்கினால் அது நம்முடையது. எந்த மேசையில் வைத்தும் விரிக்கலாம். மேசை உடைந்தாலும் புத்தகம் திறக்கும். இன்று நம் மூலக்கொத்தளத்திலும் கணக்கு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. பகலில் கடை, இரவில் வீட்டுக் கம்ப்யூட்டரில் பில் பதிவு என்பதே பலருக்கும் வழக்கம். அந்தக் கணக்கு மென்பொருளுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. அதைப் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டும்.

பூட்டு எத்தனை வகை?

முதல் வகை, கட்டைப் பூட்டு. முன்பு பிரிண்டர் ஒயர் செருகும் இடத்திலும், பிறகு யு.எஸ்.பி. துளையிலும் செருகிய சிறு கட்டை இது. எடுத்துவிட்டால் மென்பொருள் ஓடாது. இரண்டாவது, ஒரே கம்ப்யூட்டரோடு கட்டிப்போடும் எண் பூட்டு. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இதைப் பரவலாக்கியது. மூன்றாவது, கம்பெனியின் கம்ப்யூட்டரை இன்டர்நெட் வழியாகக் கேட்டு, அது சரி என்றால்தான் திறக்கும் பூட்டு.

பூட்டுப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் வாங்கி ஒன்பது பேர் நகல் எடுத்தால் உழைத்தவனுக்கு என்ன மிஞ்சும்? நாம் பயன்படுத்தும் டேலியே ஒரு வியாபாரியின் தேவையில் பிறந்ததுதான். தம் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காததால் ஷியாம் சுந்தர் கோயங்கா தம் மகன் பரத் கோயங்காவைக் கொண்டு செய்வித்தார். 1986-இல் கம்பெனி தொடங்கியது.

நேர்மையாக வாங்கியவருக்கு வரும் தொல்லை

2005-இல் சோனி பிஎம்ஜி கம்பெனி, நகல் எடுப்பதைத் தடுக்கத் தன் இசைத்தட்டுகளில் ஒரு மறைவான நிரலை வைத்தது. காசு கொடுத்து வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டவர்களுக்குத் தெரியாமலே அது உள்ளே பதுங்கியது. வைரஸ்களும் அதன் மறைவில் ஒளிந்தன. குட்டு வெளிப்பட்டதும் தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். 2009-இல் அமேசான், தான் விற்ற மின்நூல் சிலவற்றை வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது, ஆனால் அனுமதி கேட்கவில்லை. பூட்டு உள்ள சரக்கில் நமக்குக் கிடைப்பது உடைமை அல்ல, பயன்படுத்தும் உரிமை மட்டுமே என்பது இதிலிருந்து விளங்கும்.

பாட்டும் நூலும் போனால் போகட்டும் எனலாம். கணக்கை அப்படி விட முடியுமா? மதர்போர்டு மாற்றினாலே எண் பூட்டு ‘இது வேறு கம்ப்யூட்டர்’ என்று மறுக்கக்கூடும். உரிமம் செயல்படாவிட்டால் டேலி கல்விப் பயிற்சி நிலையில்தான் இயங்கும். அந்நிலையில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே பதிய முடியும். 15-ஆம் தேதி இறங்கிய பருப்பு மூட்டைக்குக் கொள்முதல் போட வழியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும். 2023-24 ஆண்டுக்குக் கெடு 31-12-2024. ஆகவே 2023 ஏப்ரலில் போட்ட பில்லை 2030 டிசம்பர் முடிய வைத்திருக்க வேண்டும். அதற்குள் கம்ப்யூட்டர் இரண்டு முறை மாறிவிடும். அதிகாரி கேட்கும்போது ‘மென்பொருள் திறக்கவில்லை’ என்பது பதிலாகாது.

பூட்டை உடைத்துத் தருகிறேன் என்பவரை நம்பவே கூடாது. பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று அறிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது குற்றம். சிறைத் தண்டனையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பதும் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி குற்றமே. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக வாங்கியவர் இழப்புக்குப் பாதுகாப்பாக ஒரு நகல் வைத்துக்கொள்ள இடம் தருகிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. வாங்குமுன் மூன்று கேள்வி கேட்போம். வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி? சந்தா முடிந்தால் பழைய கணக்கைப் பார்க்கவும் அச்சிடவும் முடியுமா? எக்செல், பி.டி.எஃப். வடிவில் வெளியே எடுக்கலாமா? பதிலை எழுத்தில் வாங்குவோம்.

2. உரிமத்தை நம் ஈமெயிலிலும் நம் செல்போன் எண்ணிலும் பதிவு செய்வோம். அவசரத்தில் சர்வீஸ் பையனின் ஈமெயிலைக் கொடுத்துவிட்டால் சாவி அவரிடம் போய்விடும். நாளை அவர் வேலை மாறினால் எங்கே தேடுவது?

3. ரிச்சி தெருவுக்குக் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கவோ, ஃபார்மட் செய்யவோ அனுப்புமுன் உரிமத்தை முறைப்படி ஒப்படைத்துவிட வேண்டும். பிறகு புதிய இடத்தில் மீண்டும் பெறலாம்.

4. மாதக் கடைசியில் பேரேடு, இருப்பு, பற்று வரவு, ஜி.எஸ்.டி. விவரம் ஆகியவற்றை பி.டி.எஃப். ஆக எடுப்போம். வெறும் டேட்டா நகல் மட்டும் போதாது. மென்பொருள் திறக்காவிட்டால் அது சாவியில்லாத இரும்புப் பெட்டி.

5. ஒரு நகல் கடையில், ஒரு நகல் வேறிடத்தில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையில் வடசென்னை எப்படித் தத்தளித்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் புகுந்தால் கம்ப்யூட்டரும் கட்டைப் பூட்டும் பென் டிரைவும் ஒன்றாகவே நனையும்.

6. ஆண்டு முடிவில் பாக்கிப் பட்டியலையும் இருப்புப் பட்டியலையும் காகிதத்தில் அச்சிட்டுக் கையெழுத்திட்டு வைப்போம். காகிதத்துக்குப் பூட்டு இல்லை.

எண்ணிச் செய்கிறவன் செட்டி, எண்ணாமல் செய்கிறவன் மட்டி என்பது பழமொழி. இந்த மாதக் கணக்கை முடிக்கும்போதே உரிமம் யார் பெயரில், எந்த ஈமெயிலில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். கால் மணி நேர வேலைதான்; ஆறேழு ஆண்டுக் கணக்கு அதில் காப்பாற்றப்படும்.