வெயில் பக்கம்

பெங்களூர் மர்பி டவுனில் குளிர்காலத்தைப் படம் பிடிக்க வேண்டுமென்றால், எந்த கேமரா என்று யோசிக்கும் முன் சந்து எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். கிழக்கு மேற்காக ஓடினால் பாதி வேலை முடிந்தது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். இங்கே அப்போது உச்சிப்பொழுதில்கூட அது 54, 55 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அதனால் தெற்கு பார்த்த வாசல்களுக்கு வெயில், எதிர்வரிசைக்கு நாள் முழுக்க நிழல். பத்து மணி வாக்கில் எதிர்வரிசை ஆயாக்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். ஸ்வெட்டர், அதன்மேல் மப்ளர், காதை மூடிய குல்லா. வெயில் நகர நகர நாற்காலியும் நகரும். தெருவின் குளிர்காலம் முழுக்க அந்த இரண்டு மூன்று அடி அகல வெயிலுக்குள்தான் நடக்கிறது.

இங்கே குளிர் என்றால் பனி விழுவதோ உறைவதோ கிடையாது. டிசம்பர், ஜனவரி விடியலில் 15, 16 டிகிரி இருக்கும். நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். சிம்லாக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆகவே குளிரை வானத்தில் தேடிப் பயனில்லை. அல்சூர் ஏரியில் மூடுபனி இறங்கும் காலைகள் அழகுதான், ஆனால் அந்தப் படம் ஊரில் எல்லார் போனிலும் இருக்கிறது. குளிர் தெரிவது ஆட்கள் கையை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்பதில்: டீ கிளாஸைச் சுற்றி, அக்குளுக்குள், அட்டைப்பெட்டி எரியும் நெருப்புக்கு மேலே.

இந்த இடத்தின் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. கண்டோன்மென்ட்டை நம்பி மதராஸ் மாகாணத்திலிருந்து வந்து உழைத்துப் பிழைத்த தமிழர்களின் பேட்டை. மர்பி என்ற பொறியாளரின் பெயர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் இந்திராநகரும் மெட்ரோவும் வளர்ந்துவிட்டாலும் உள்ளே இன்னும் கிராமத்து நடப்புதான். யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெருவுக்கே தெரியும். கேமராவோடு நுழைகிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் கேட்கப்படும். பதில் சொல்லிவிட்டு அப்புறம் படம் எடுங்கள்.

இந்தப் பருவத்தின் குழம்பு பிதுக்கம்பருப்புக் குழம்பு. அவரைக்காய் குளிரில்தான் மணமாக வரும். உரித்த கொட்டையை இரவே ஊறவைத்து, காலையில் இரண்டு விரலுக்கிடையில் வைத்து ஒரு பிதுக்கு. தோல் கையில் தங்க, பருப்பு துள்ளி ஏனத்தில் விழும். ஒரு கிலோவுக்கு ஒருத்தர் தனியாக உட்கார்ந்தால் மாளாது. அக்கா, அண்ணி, பக்கத்து வீட்டு ஆயா என்று எல்லாரும் வெயிலில் வட்டம் கட்டுவார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல படக்களம் இங்கே இல்லை. காரணம் அந்த எவர்சில்வர் ஏனம். மேலிருந்து விழும் வெயிலை வாங்கி, குனிந்திருக்கும் முகங்களுக்குக் கீழிருந்து திருப்பி அடிக்கும். ஸ்டுடியோக்காரர் காசு கொடுத்து வாங்கும் வெளிச்சத் தட்டு வேலையை அது சும்மா செய்துவிடுகிறது. நின்றபடி எடுத்தால் தலைமுடியும் குல்லாவும்தான் வரும். தரையில் உட்காருங்கள். உட்கார்ந்தால் உங்கள் கையிலும் ஒரு பிடி அவரையைத் தள்ளிவிடுவார்கள், பிதுக்குங்கள். பருப்பு துள்ளுவது வேண்டுமென்றால் ஷட்டர் 1/500-க்குக் குறையாமல் இருக்கட்டும். விரல் லேசாகக் கலங்கினால் எனக்குப் பிடிக்கும், அதற்கு 1/60 போதும்.

வெயிலும் நிழலும் பாதிப் பாதியாக இருக்கும் சந்தில் போன் குழம்பிப்போகும். இரண்டையும் சரிக்கட்டப் பார்த்து முகத்தைச் சப்பென்று ஆக்கிவிடும். வெயில் பட்ட கன்னத்தின்மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தை ஒரு படி கீழே இறக்குங்கள். நிழல் கறுத்துப்போனால் போகட்டும். மார்கழிக் கோலத்துக்கு இதற்கு நேர் எதிர். படம் முழுக்க மாவின் வெள்ளை நிறைந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கும், அப்போது ஒரு படி ஏற்றுங்கள். இன்னொன்று, கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கும் ப்யூட்டி மோட் பல போன்களில் இருக்கிறது. அதை அணைத்துவிட்டு எங்கள் தெருவுக்குள் வாருங்கள். நாங்கள் கறுப்பாக இருப்பதில் படத்துக்கு ஒரு குறையும் இல்லை.

விடியற்காலை வேறு கணக்கு. டிசம்பர் 21 தான் மிகக் குறுகிய பகல் என்றாலும், இங்கே சூரியன் மிகத் தாமதமாக எழுவது ஜனவரிப் பிற்பாதியில். பொங்கல் முடிந்தும் அது எழ ஆறே முக்கால் ஆகும், விடியுமுன் தெருவிளக்கை நம்பித்தான் எடுக்க வேண்டும். கலரைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு வைத்துவிட்டால் டீக்கடை பல்பின் மஞ்சளும் வானத்து நீலமும் அதது இடத்தில் நிற்கும். விளக்கு வெளிச்சம் போதாது என்பவர்கள் மதுரைப் புகைப்படக்காரர் பழனிக்குமாரின் படங்களைப் பார்க்க வேண்டும். விடியுமுன் மீன் வியாபாரத்துக்குப் போகும் தன் அம்மாவை அவர் தெருவிளக்கிலேயே எடுத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்கு மாலை ஆறிலிருந்து ஆறு இருபதுக்குள். அதற்கப்புறம் வானம் கறுத்து, நட்சத்திரம் மட்டும் தனியாகத் தொங்கும்.

எடுத்த படத்தை வாட்ஸப்பில் அனுப்பினால் பேரன் போனில் வந்து, பேரன் போனோடு போய்விடும். மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். அது காலண்டருக்குப் பக்கத்தில் ஏறும், அடுத்த முறை வீட்டுக்குள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். குறையும் சொல்வார்கள். "என்னா தம்பி, தலை சீவுறதுக்குள்ள புடிச்சிட்டியே" என்றால் தலை சீவின பிறகு இன்னொன்று எடுப்பதுதான் மரியாதை. அந்தப் படம் விறைப்பாகத்தான் வரும். அவர்களுக்குப் பிடிப்பது அதுதான், அதையும் பிரிண்ட் போடுங்கள்.

இதெல்லாம் தரையில் வெயில் இருக்கும்வரை. பத்தடி உயர ஓட்டு வீடு டிசம்பர் நண்பகலில் ஏழு அடிக்குச் சற்று அதிகமாக நிழல் போடும். பத்தடிச் சந்தில் எதிர்வாசலுக்கு மிச்சம் வெயில் கிடைத்துவிடும். அதே இடத்தில் மூன்று மாடி ஏறினால் நிழல் இருபத்திரண்டு அடி. அந்தச் சந்துக்குக் குளிர்காலம் முழுக்க வெயில் கிடையாது. எங்கள் பக்கம் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக அப்படி எழும்பிக்கொண்டிருக்கின்றன. யாரையும் குறை சொல்ல முடியாது, பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனால் இடம் வேண்டும். அவரை பிதுக்கும் வட்டம் மட்டும் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது. படியேற முடியாத ஆயாக்கள் கீழேயே இருக்கிறார்கள். அதனால் இப்போது வருகிறவர்கள் முதலில் வீட்டுக்காரரிடம் மாடிச் சாவி கேளுங்கள். மேலே தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆன்டெனாவும் குறுக்கே வரும், கொடியில் கம்பளி காயும். கம்பளியை மட்டும் நகர்த்தச் சொல்லாதீர்கள், ராத்திரிக்கு அது காய்ந்தாக வேண்டும்.