எந்த ஷெல்லை நம்பி எழுதுவது?

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியாக வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பதியப்பட்டிருந்தது. பாஸ் லினக்ஸின் அடித்தளம் டெபியன். திருத்தணியில் ஒரு மாணவர் அத்தகைய மடிக்கணினியில் எழுதும் கட்டளைக் கோப்பு, அதாவது ஸ்கிரிப்ட், நண்பரின் மேக் கணினியிலும் வீட்டிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஓட வேண்டியிருக்கலாம்; ஆனால் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரல் மூன்றிலும் ஒன்றல்ல. எனவே எந்த ஷெல் சிறந்தது என்பதைவிட, எழுதும் கோப்பு எங்கெல்லாம் போகும் என்பதை வைத்தே தேர்வு அமைய வேண்டும்.

ஸ்டீபன் போர்ன் பெல் ஆய்வகத்தில் எழுதி 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த ஷெல்லே இந்தக் குடும்பத்தின் மூலம். அதன் வழிவந்தவற்றுக்குப் பொதுவான இலக்கணத்தை 1992-இல் போசிக்ஸ் தரம் வகுத்தது. பிரையன் ஃபாக்ஸ் 1989-இல் வெளியிட்ட பாஷ் அந்த இலக்கணத்தில் இல்லாத பல வசதிகளையும் கொண்டது. டாஷ் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துச் சிறியதாகவும் விரைவாகவும் இயங்குகிறது. அதனாலேயே உபுண்டு 2006-இலும் டெபியன் 2011-இலும் ‘எஸ்எச்’ என்ற பொதுப் பெயரை டாஷுக்குக் கொடுத்தன. மேக் 2019 முதல் இசட்-ஷெல்லை முன்னிருப்பாகத் தருகிறது. அதனுடன் வரும் பாஷோ இன்னும் 3.2 பதிப்புதான் என்பதால், 2009-இல் வந்த 4.0-இன் பெயர்ச்சுட்டு அணிகள் அங்கே கிடையா. ஆண்ட்ராய்டில் இருப்பது கார்ன் ஷெல் வழிவந்த எம்கே-ஷெல்.

பல கணினிகளுக்குப் போகும் கோப்பைப் போசிக்ஸ் இலக்கணத்துக்குள் எழுதி டாஷில் சோதிப்பதே பாதுகாப்பான வழி. டாஷில் ஓடியது பிறவற்றில் பெரும்பாலும் ஓடும். பாஷில் ஓடியதற்கு அந்த உறுதி இல்லை. பாஷில் உள்ள, போசிக்ஸில் இல்லாத [[ ]] என்ற சோதனையை ‘இஃப்’ கூற்றில் வைத்து டாஷிடம் கொடுத்தால், அப்படியொரு கட்டளை இல்லை என்று ஒரு வரி அச்சாகும். ஆயினும் ஓட்டம் நிற்பதில்லை, நிபந்தனை பொய் என்று கொள்ளப்பட்டு ‘எல்ஸ்’ பகுதி இயங்குகிறது. குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான் வழியாக நள்ளிரவில் ஓடும் கோப்பில் அந்த ஒரு வரியை யார் பார்க்கப் போகிறார்கள்? இரட்டை அடைப்பை ஒற்றையாக்கி, == என்பதை = ஆக்கி, மாறிகளை மேற்கோளுக்குள் இட்டால் பெரும்பாலான இடங்களில் பிழை தீர்ந்துவிடும்.

இசட்-ஷெல் தட்டச்சு செய்ய இனியது. ஆனால் அதில் பழகிய கை மேற்கோளை மறந்துவிடுகிறது. ‘ஆடிக் கிருத்திகை’ என்று இடைவெளியுடன் பெயரிட்ட படக் கோப்புறையைக் குறிக்கும் மாறியை மேற்கோளின்றி எழுதினாலும் இசட்-ஷெல் ஒரே பெயராகவே எடுத்துக்கொள்ளும். பாஷும் டாஷும் ‘ஆடிக்’, ‘கிருத்திகை’ என்று இரண்டாகப் பிளக்கும். அழிக்கும் கட்டளையாக இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இசட்-ஷெல் விரலுக்கு இருக்கட்டும், கோப்புக்கு வேண்டாம். கோப்பு ஒரே வகைக் கணினியில் மட்டும் ஓடும் என்றால் பாஷைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முதல் வரியில் ‘எஸ்எச்’ என்று எழுதாமல் ‘பாஷ்’ என்றே எழுத வேண்டும், அவ்வளவுதான்.

வேறுபாடுகளை ஆவணப்படுத்துவோர் முதலில் பிரித்தறிய வேண்டியது, கண்டது பிழையா, தரமே அனுமதித்த விலகலா என்பதுதான். ‘திருத்தணி’ என்ற சொல்லை ஒரு மாறியில் இட்டு அதன் நீளத்தைக் கேட்டால், யுடிஎஃப்-8 சூழலில் பாஷ் 9 என்கிறது, டெபியன் 12-இன் டாஷ் 27 என்கிறது. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளோ ஐந்தே. பாஷ் யூனிகோடு குறிகளை எண்ணுகிறது, டாஷ் ஒவ்வொரு குறிக்கும் ஆகும் மூன்று பைட்டுகளை எண்ணுகிறது. எல்லைக்கு அப்பால் தெலுங்கில் எழுதினாலும் இதே கணக்குதான். நீளம் எழுத்துக்குறிகளில் அளக்கப்பட வேண்டும் என்று போசிக்ஸ் கூறுவதால் இது டாஷின் பிழை. மாறாக, ஒரு கட்டளையின் வெளியீட்டை | குறிவழியே சுற்றுக்குள் செலுத்தி வரிகளை எண்ணினால், பாஷிலும் டாஷிலும் சுற்று முடிந்தபின் எண்ணிக்கை மறைந்துவிடுகிறது, இசட்-ஷெல்லில் நிலைக்கிறது. கடைசிக் கட்டளையை, உள்ளே மாறிய மதிப்புகளை வெளியே விடாத துணைஷெல்லில் ஓட்டுவதா வேண்டாமா என்பதைத் தரம் ஷெல்லிடமே விட்டிருப்பதால், திருத்த வேண்டியது ஷெல்லை அல்ல, கோப்பை: வெளியீட்டை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, சுற்றை அதிலிருந்து படிக்கச் செய்தால் போதும்.

வேறுபாட்டைப் பதியும் குறிப்பில் ஷெல்லின் பெயர், பதிப்பு, மொழிச் சூழல், பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரல், கிடைத்த விடை ஆகியவை இருக்க வேண்டும். பாஷும் இசட்-ஷெல்லும் தம் பதிப்பை மாறியிலேயே வைத்திருக்கின்றன. டாஷ் தன் பதிப்பைச் சொல்வதில்லை என்பதால் டெபியனின் தொகுப்பு மேலாளரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். விண்டோஸின் நோட்பேடில் திருத்தப்பட்ட கோப்பானால், குறிப்பெழுதும் முன் வரி இறுதிகளில் விண்டோஸ் சேர்க்கும் மறை எழுத்தை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஷெல்லின் மேல் சுமத்தப்படும் பழிகளில் சில அந்த மறை எழுத்தினுடையவை.