நாளாந்தக் கடமையில் கடவுளின் வழிநடத்துதலும் கிருபையும்

மாணவர்களே, கடவுளின் வழிநடத்துதல் என்றதும் கனவு, தரிசனம், அற்புத அடையாளம் என்பனவே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆயினும் வேதாகமத்தில் கடவுள் பலரைச் சந்தித்தது அவர்கள் தமது அன்றாட வேலையைச் செய்துகொண்டிருந்த இடத்திலேயே ஆகும்.

1. வேதாகம உதாரணங்கள்

• மோசே – மாமனார் எத்திரோவின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தபோது ஓரேப் மலையருகே அழைக்கப்பட்டார் (யாத்திராகமம் 3).
• ரூத் – மாமியார் நகோமியைக் காப்பாற்றுவதற்காகக் கதிர் பொறுக்கச் சென்றாள். அவள் சென்ற வயல் போவாசினுடையது (ரூத் 2). பின்னர் அவள் தாவீதின் பாட்டனாகிய ஓபேதின் தாயானாள்.
• பேதுரு, அந்திரேயா – கடலில் வலை வீசிக்கொண்டிருந்தபோது இயேசுவால் அழைக்கப்பட்டனர் (மத்தேயு 4:18-20).

இவர்கள் அடையாளம் தேடி அலையவில்லை. கையிலிருந்த கடமையின் நடுவிலேயே அடுத்த வழி திறந்தது.

2. திருச்சபை வரலாற்றில் ஓர் உதாரணம்

சகோதரர் லோறன்ஸ் 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்தவர். முன்பு போர்வீரராக இருந்த இவர், பாரிஸ் நகரிலுள்ள கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கு இவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. அது இவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலையாகும். எனினும் கடவுள்மீதுள்ள அன்பினால் அதனைச் செய்யப் பழகினார். ஆரம்பத்தில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் மனப்போராட்டத்தை அனுபவித்தார். அதன்பின்னர், செபவேளையிற் போலவே சமையலறைச் சத்தத்தின் நடுவிலும் கடவுளின் பிரசன்னத்தை உணர்ந்தார். 1691இல் காலமானார்.

3. கடமைக்கும் கிருபைக்குமுள்ள தொடர்பு

கடமையைச் செய்தால் அதற்குக் கூலியாகக் கிருபை கிடைக்கும் என எழுதுவது தவறாகும். கிருபை கடவுளின் இலவச ஈவு. நற்செயல் அதன் கனி (எபேசியர் 2:8-10). ஆகவே, கடமை முடிந்த பின்னரன்றி, அதனைச் செய்யும்போதே பொறுமையையும் பெலனையும் தருவது கிருபையே.

4. உங்கள் வாழ்வில்

கிணற்றில் தண்ணீர் அள்ளுதல், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல், பாடங்களைப் படித்தல் ஆகிய யாவும் கடமைகளே. சிலவேளை இவை ஒன்றோடொன்று மோதும். நாளை பரீட்சை, இன்று அம்மாவுக்குக் காய்ச்சல். அப்போது செபித்து, பின்வருமாறு சிந்தியுங்கள்:

அ. இப்போது பிற்போட முடியாத கடமை எது?
ஆ. என் உதவி யாருக்கு மிக அவசியம்?
இ. இதுபற்றி எந்தப் பெரியவரிடம் ஆலோசனை கேட்கலாம்?

இவ்வாறு சிந்திப்பதும் வழிநடத்துதலைத் தேடுவதேயாகும். அம்மாவைப் பராமரித்ததால் புள்ளிகள் குறைந்தாலும், கடவுள் உங்களைக் கைவிட்டார் என்பது அதன் பொருளன்று.

மாதிரி வினா

நாளாந்தக் கடமையின் மூலம் கடவுள் வழிநடத்துகிறார் என்பதை வேதாகம உதாரணம் இரண்டுடன் விளக்குக.

விடைக்குறிப்பு: உதாரணத்தைக் கூறுவதுடன் நின்றுவிடாது, அவர் செய்த கடமை யாது, அதன் நடுவே கடவுள் திறந்த வழி யாது என்பவற்றையும் தனித்தனியே எழுதுக.