செவி காத்தல்

ஐம்பொறிகளுள் கண்ணிற்கு இமையும் வாய்க்கு இதழும் காவலாக அமைந்துள. செவிக்கோ அடைக்குங் கதவு ஒன்றும் இல்லை. உடல் உறங்கும்போதும் அது திறந்தே கிடக்கின்றது. எழுத்துத் தோன்றுதற்கு முன்னரே அறிவு நம்முட் புகுதற்கு இருந்த வாயில் அதுவே. அதனாலன்றோ திருவள்ளுவனார் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தனர். நாமும் புலவரைக் கல்வி கேள்விகளிற் சிறந்தார் என்று போற்றுகின்றோம். இத்துணைச் சிறந்த பொறியை இக்கால மாணவராகிய நாம் எவ்வாறு நடத்துகின்றோம் என்பதனையும், இயர்போன் என வழங்குங் கருவியைத் தெரிந்தெடுத்து ஆளுமாறு யாது என்பதனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சென்ற கோடை விடுமுறையில் யானும் நண்பர் இருவரும் சேலத்தினின்று ஏற்காட்டிற்குப் பேருந்தில் ஏறினோம். 20 கொண்டையூசி வளைவுகளையுடைய அம்மலைப்பாதையில் வண்டி தாழ்ந்த கியரில் உறுமிக்கொண்டே ஏறும். வளைவுதோறும் ஆரன் அலறும். அவ்விரைச்சலுக்கு மேல் என் பாட்டுக் கேட்கவேண்டும் என்று யான் இயர்போனின் ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே சென்று, ஈற்றில் இனிக் கூட்டுதற்கு இடமில்லை என்னும் அளவிற்குக் கொணர்ந்தேன். மலைமேல் இறங்கி ஏரிக்கரையை அடைந்தபொழுது, நண்பர் ஒருவர் மரக்கிளை ஒன்றைச் சுட்டி, “அக்குருவி எவ்வளவு இனிமையாகப் பாடுகின்றது, கேட்டீரா?” என்றார். குருவியைக் கண்டேன்; அதன் அலகு திறந்து மூடுவதையும் கண்டேன்; பாட்டினை மட்டும் கேட்டிலேன். செவிக்குள் ஓயாத ஓர் இரைச்சலே நிறைந்திருந்தது. அஃது அன்றிரவு முழுதும் நின்று, மறுநாட் பிற்பகலிலேதான் நீங்கிற்று. அவ்வோர் இரவில் யான் கொண்ட அச்சமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அன்று என் செவிக்கு நேர்ந்தது யாது? காற்றின் அதிர்வு செவிப்பறையை அசைக்கின்றது. அவ்வசைவினை மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. ஆண்டு நத்தையோடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் நீர் நிறைந்துள்ளது. ஒலியலை அதனுட் செல்லுமாற்றை ஆராய்ந்து கண்ட ஜார்ஜ் வான் பெகெசி என்பார்க்கு 1961-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்நீரின் அலையை உணர்ந்து நரம்பிற்கு அறிவிப்பன மயிரணுக்கள். ஒரு செவியில் அவை ஏறக்குறைய 15,000 உள. பெருங்காற்றிற் சாய்ந்த நெற்பயிர் காற்று நின்றபின் நிமிர்தல்போல, பேரொலியால் தளர்ந்த மயிரணுக்கள் ஓய்வு பெற்றால் பெரும்பாலும் தேறும். மீண்டும் மீண்டும் தாக்குண்டாலோ மாய்ந்துபோம். மாய்ந்தவை மீள முளைப்பதில்லை. இவ்வகையிற் பறவையினம் நம்மினும் பேறுடையது: அவற்றின் செவியில் அழிந்த மயிரணுக்கள் மீண்டும் தோன்றுகின்றன என்பதை 1980-களின் ஈற்றில் அறிவியலார் கண்டனர். ஏரிக்கரையிற் பாடிய அக்குருவி செவியிழந்தால் மீளப் பெறும்; கேட்டு நின்ற யான் பெறேன்.

இக்கேடு மெல்லென வருதலின் பலரும் இதனை உணர்வதில்லை. பேரொலியால் முதலிற் கெடுவது உச்ச ஒலிகளைக் கேட்கும் ஆற்றல். தமிழ் பயிலும் நாம் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். உயிரெழுத்துக்கள் வலிமையுடன் நீண்டு ஒலிப்பன. மெய்களுட் பல மெலிந்தும் குறுகியும் உச்ச அதிர்வுகளை உடையனவாயும் ஒலிப்பன. ஆதலின் செவி கெடத் தொடங்கியவர்க்கு உயிர் கேட்கும், மெய் மயங்கும். பத்து, கத்து, சத்து என்னும் சொற்கள் முதன்மெய் ஒன்றாலேயே வேறுபடுவன. அம்மெய் மயங்கின் மூன்றும் ஒன்றாகிவிடும். “பேசுவது கேட்கின்றது, என்ன பேசுகின்றார் என்பதுதான் தெரியவில்லை” என்று நம் வீட்டு முதியோர் கூறுவதன் பொருள் இதுவே. எழுபதில் வரவேண்டிய அந்நிலையை இருபதிலேயே விலைகொடுத்து வாங்குதல் அறிவுடைமையாகுமா?

இனி, எவ்வளவு ஒலி மிகையாகும் என்பதனை நோக்குவாம். ஒலியை டெசிபெல் என்னும் அளவையால் அளப்பர். அவ்வளவை ஏனை அளவைகள் போன்றதன்று: 10 டெசிபெல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். உலக நலவாழ்வு நிறுவனம் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துடன் கூடி வகுத்த நெறியின்படி, முதியோர் ஒருவர் 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறார்க்கு அவ்வெல்லை 75 டெசிபெல். 80 என்பது 90 ஆயின், ஆற்றல் பத்து மடங்காதலின் காலம் பத்தில் ஒன்றாகி, வாரத்திற்கு 4 மணி நேரமே எஞ்சும். 100 ஆயின், அதே கணக்கின்படி 24 நிமிடமே. கைப்பேசியின் ஒலியை ஈற்றளவிற்குக் கூட்டினால் 100-ஐத் தொடும் இயர்போன்கள் பல. அங்ஙனமாயின், ஒரு மணி நேர மலைப்பயணத்தில் யான் இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட பங்கினைச் செலவிட்டேன் என்பது வெளிப்படை. 12 வயது முதல் 35 வயது வரையுள்ள இளைஞருள் நூறு கோடிக்கு மேற்பட்டார் இவ்வாறு இடருக்கு உள்ளாகியிருக்கின்றனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

அற்றேல் இயர்போனை அறவே விலக்கல் வேண்டுமோவெனின், வேண்டா. குற்றம் கருவியினிடத்தன்று, புறத்து இரைச்சலை வெல்லுதற்கு ஒலியைக் கூட்டும் நம் வழக்கத்தினிடத்தே உள்ளது. இரைச்சலைப் புறத்தே நிறுத்திவிட்டால் ஒலியைக் கூட்டவேண்டிய தேவையே எழாது. செவித்துளையின் வாயிலில் தளர்ந்து தங்கும் இயர்போன் புறவொலியை உள்ளே விடும். துளைக்குட் புகுந்து இறுகப் பொருந்தும் வகையோ, நன்கு பொருந்தியவழி, 20 டெசிபெல் அளவேனும் அதனைக் குறைக்கவல்லது. 80 டெசிபெல் இரைச்சலையுடைய வண்டியில், அத்தகைய கருவி அணிந்தான் செவிக்குள் எட்டுவது 60 மட்டுமே; 70-இல் அவன் பாடல் தெளிவாகக் கேட்கும்.

இவ்வகையைத் தெரிந்தெடுக்குங்கால் விலையினும் விளம்பரத்தினும் பொருத்தமே முதற்கண் நோக்கத்தக்கது. பெட்டியினுள் சிறிது, நடுத்தரம், பெரிது என மூவகை ரப்பர் முனைகள் இருக்கும். வாங்கியவுடன் இருந்த முனையையே அணிந்து அமைதலாகாது. மூன்றனையும் மாற்றி மாற்றிப் பார்த்தல் வேண்டும். ஒருவனுடைய இரு செவிகளும் ஓரளவின அல்ல. வலத்திற்கு ஒன்றும் இடத்திற்கு ஒன்றுமாக வெவ்வேறு முனை வேண்டப்படுதலும் உண்டு. பொருத்தத்தை அறியும் வழி எளிது: பாடலின்றி அணிந்து பேசிப் பாருங்கள். நும் குரல் குடத்துட் பேசினாற்போல் முழங்கின் முனை பொருந்தியது. இயல்பாகவே கேட்பின் பொருந்தவில்லை. மிருதங்கத்தின் தொப்பி ஒலி பாட்டில் மெலிந்து கேட்பினும் எங்கோ இடைவெளி உண்டென்று அறிக. அதனை அறியாதார் தாழ்ந்த ஒலி போதவில்லை என்று எண்ணி முழுவொலியையும் கூட்டுவர். அதனால் இடர் மிகும். பஞ்சுபோன்ற நுரைமுனை உள்ளதாயின், அதனை விரலால் உருட்டி ஒடுக்கி, மறுகையாற் செவிமடலை மேலும் பின்னுமாக இழுத்து உட்செலுத்தி, அது விரியும் வரை பிடித்திருத்தல் வேண்டும்.

மின்னாற்றலால் இரைச்சலைத் தணிக்கும் வகையும் உண்டு. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவிற் பிறந்த அமர் போஸ் என்னும் அறிஞர் 1978-ஆம் ஆண்டில் வானூர்தியிற் செல்லுங்கால், அதன் இரைச்சலாற் பாட்டுக் கேளாமை கண்டு, வரும் ஒலிக்கு எதிரான ஒலியை உண்டாக்கி அதனை அழிக்கலாம் என்று கருதினார். எஞ்சினின் உறுமல்போல் இடையறாத தாழ்ந்த ஒலிகளை அது நன்கு தணிக்கும்; பேச்சையும் ஆரனையும் அத்துணை தணியாது. பொருளுடையார் அதனைக் கொள்ளலாம். இல்லார்க்கு நன்கு பொருந்திய ரப்பர் முனையே பெரிதும் உதவும். ஒன்று நினைவிற்கொள்க: எக்கருவியாயினும் ஒலியைக் குறைத்து வைத்தாலன்றிக் காப்பாகாது.

மலைப்பாதைக்கு உரிய எச்சரிக்கைகளும் உள. சேலம் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடோ 1,500 மீட்டருக்குச் சற்று மேற்பட்டது. மேலே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. நடுச்செவியினின்று தொண்டைக்குச் செல்லும் சிறுகுழாய் திறந்து மூடி அவ்வேறுபாட்டைச் சமன் செய்கின்றது. செவி அடைத்துப் பின் ‘டப்’ என்று திறப்பது இதனாலாம். இறங்கும்போது அக்குழாய் எளிதில் திறப்பதில்லை. ஆதலின் ஏறும்போதினும் இறங்கும்போதே நோவு மிகும். அப்போது இறுகிய முனையைக் கழற்றிவிட்டு, எச்சில் விழுங்குதலும், கொட்டாவி விடுதலும், எதையேனும் மெல்லுதலும் நலம். சளி பிடித்தார் மூக்கை அடைத்து வலிந்து ஊதுதல் தீது. இனி, பாதையில் நடப்பார் இவ்வகை இயர்போனை அணிதல் கூடவே கூடாது. வளைவிற்கு அப்பால் வரும் லாரியைக் கண் காணாது; செவியே அறியும்.

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களிலும் இதனோடு இயைந்த ஒரு தவறு நிகழ்தல் கூடும். புல்வெட்டும் இயந்திரத்தின் ஒலி 90 டெசிபெலினும் மிகும். அதனைத் தோளில் தாங்கி நாள் முழுதும் உழைக்கும் இளைஞர், இயந்திரத்தின் ஒலி கேளாவண்ணம் இயர்போன் அணிந்து பாட்டு வைத்துக்கொள்வாராயின், இரைச்சலோடு பாட்டும் சேர்ந்து தாக்க, கேடு இருமடங்காம். அவர்க்கு வேண்டுவது பாடாத காதடைப்பான். அஃது இயர்போனினும் விலை குறைந்தது. விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர் இதனைத் தம் உற்றார்க்கு எடுத்துரைப்பாராயின் அதுவும் ஒரு தொண்டேயாகும்.

செவியின் தூய்மையும் கருதத்தக்கது. ஒருவர் அணிந்த முனையைப் பிறர் அணிதலாகாது. மலையின் ஈரக்காற்றில் நனைந்த செவியை உலர்த்தாது அடைத்தலால் பூஞ்சைநோய் உண்டாதல் கூடும். குறும்பியை எடுக்க ஊக்கும் கோழியிறகும் புகுத்துதலும், வலிக்குக் காய்ச்சிய எண்ணெய் வார்த்தலும் நம் வீடுகளில் நெடுநாளாக உள்ளன. இவற்றை விடல் வேண்டும். இரைச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றாலும், சீழ் வடிந்தாலும் மருத்துவரை அடைக. ஒரு செவி திடீரெனக் கேளாதொழியின் அன்றே செல்க. சில நாள் தாழ்ப்பினும் மீட்டற்கரிதாம்.

கல்வி நிலையங்களைச் சூழ்ந்த 100 மீட்டர் இடத்தை அமைதி மண்டலமாகக் காத்தற்கு 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இடந்தருகின்றன. ஆண்டுப் பகற்பொழுதில் 50 டெசிபெலே எல்லை. சட்டம் வாயிலில் நின்று இரைச்சலைத் தடுக்க, நாமோ அதனினும் பன்மடங்கு இரைச்சலைச் செவியினுள்ளேயே வைத்து வளர்க்கின்றோம். ஓரேபு மலையில் எலியா தீர்க்கர் பெருங்காற்றையும் நிலநடுக்கத்தையும் தீயையும் கண்டார். ஆண்டவரை அவற்றிற் காணாது, அவற்றின்பின் வந்த மெல்லிய ஒலியிலே கண்டார். அத்தகைய மெல்லிய ஒலியைக் கேட்குஞ் செவி நமக்கு ஒருமுறையே அளிக்கப்பட்டது. அடுத்த கோடையிலும் யான் ஏற்காட்டிற்குச் செல்வேன். இயர்போனும் உடன் வரும். ஒலி பாதியளவிற்கு மேல் ஏறாது. ஏரிக்கரையை அடைந்தபின் அதனைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, அக்குருவி பாடும்வரை காத்திருப்பேன்.