கரியமில வாயுவின் இருப்புக் கணக்கு: வணிகர்களுக்கு ஒரு பாடம்



சில வாரங்களுக்கு முன் நம் பகுதிக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் என் மண்டியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு வெயிலைப் பற்றித் திரும்பியது. திருவொற்றியூர் தம்பி ஒருவர் சொன்னார்: "அண்ணாச்சி, இராயபுரத்தில் கரித்தூள் பறந்த காலமெல்லாம் போயிற்று. எண்ணூர் பழைய அனல் மின் நிலையத்தையும் மூடிவிட்டார்கள். புகை குறைந்த பிறகும் சூடு ஏன் குறையவில்லை?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. புகை குறைந்தால் சூடும் குறைய வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறகு தெரிந்தவர்களைக் கேட்டும் படித்தும் பார்த்ததில் என் எண்ணம் தவறு என்று புரிந்தது. புரிந்ததை நம் தொழில் மொழியிலேயே இங்கே எழுதுகிறேன்.

தூசி வேறு, வாயு வேறு

தம்பி சொன்ன செய்திகள் உண்மையே. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2011 அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது. எண்ணூர் பழைய அனல் மின் நிலையம் 2017 மார்ச் மாதத்துடன் மூடப்பட்டது. ஆனால் நிலக்கரி எரிவது நின்றுவிடவில்லை. 2001-இல் திறந்த எண்ணூர் துறைமுகம் (இன்றைய காமராசர் துறைமுகம்) முதன்மையாக நிலக்கரி இறக்குவதற்கென்றே கட்டப்பட்டது. ஒடிசா மாநிலத்து நிலக்கரி பாராதீப் வழியாகக் கப்பலில் இங்கே வருகிறது. வட சென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்களில் அது எரிகிறது. அந்த மின்சாரத்தில்தான் நம் கடை விளக்கும் ஃப்ரீசரும் ஓடுகின்றன. ஆகவே குற்றம் சொல்ல யாரையும் வெளியே தேட வேண்டியதில்லை.

கரித்தூள் கண்ணுக்குத் தெரியும். சில நாட்களில் கீழே படியும், மழை வந்தால் கழுவிப் போகும். கரியமில வாயுவுக்கு, அதாவது கார்பன்-டை-ஆக்சைடுக்கு, நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைபோக்கியில் வடிகட்டி வைத்துத் தூசியைப் பிடிக்கலாம். இந்த வாயு அதில் சிக்காது. மேலே போனதில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் வரை காற்றிலேயே தங்கும். வானம் தெளிவாக இருப்பதை வைத்து இந்த வாயு குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

எடை கூடுவது எப்படி?

மளிகைக் கடைக்காரருக்கு எடைதான் உயிர். எனவே எடையில் வருவோம். வீட்டு கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. அது முழுவதும் எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு உண்டாகும். 14 கிலோ சரக்கு 42 கிலோ ஆகுமா என்று கேட்கலாம். எரியும்போது எரிபொருளில் உள்ள கரிமம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. 12 கிலோ கரிமம் 32 கிலோ ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 44 கிலோ வாயுவாகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்தது.

இதே கணக்கில் ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 2.7 கிலோ வாயு தரும். நம் நாட்டு நிலக்கரி ஒரு டன் எரிந்தால் சுமார் ஒன்றரை டன் வாயு வரும். நாம் செலவழிக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, நாட்டின் சராசரியில், ஏறக்குறைய 700 கிராம் ஆகிறது.

பேரேட்டைப் புரட்டுவோம்

இனி இருப்புக்கு வருவோம். காற்றில் இந்த வாயுவைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். பத்து லட்சம் அரிசி மணிகளைக் கொட்டி, அதில் எத்தனை கறுப்பு மணி என்று எண்ணுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலைகள் பெருகும் முன்பு இருந்த முன்னிருப்பு சுமார் 280. அண்டார்டிகாவின் பழம் பனிக்கட்டியில் அடைபட்ட காற்றுக் குமிழிகளை ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார்கள். கடந்த 8 லட்சம் ஆண்டுகளில், தொழிற்காலத்துக்கு முன் அது 300-ஐத் தாண்டிக்கூடப் போகவில்லை என்றும் அந்தப் பனிக்கட்டி காட்டுகிறது.

1958-இல் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அன்றாடம் அளக்கத் தொடங்கினார். அன்று இருப்பு 315. அவர் 2005-இல் காலமானார். கணக்கு இன்றும் தொடர்கிறது. 2013 மே மாதத்தில் முதன்முறையாக ஒரு நாள் சராசரி 400-ஐத் தொட்டது. 2024-இல் ஆண்டுச் சராசரியே 424. 2025 மே மாதச் சராசரி 430-ஐத் தாண்டியது. முன்னிருப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வந்துவிட்டோம்.

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு முதலியவற்றால் உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. வெளியேறுவதில் ஏறக்குறைய பாதியைக் கடலும் மரம் செடிகளும் வாங்கிக்கொள்கின்றன. மீதிப் பாதி இருப்பில் ஏறுகிறது.

தம்பியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தினம் நூறு மூட்டை இறங்கி ஐம்பது மூட்டை விற்கும் கிடங்கை நினைத்துப் பாருங்கள். நாளைக்கு நூறுக்குப் பதில் தொண்ணூறு மூட்டைதான் இறங்குகிறது என்றால் கிடங்கு காலியாகுமா? கொஞ்சம் மெதுவாக நிரம்பும், அவ்வளவுதான். புகை குறைவது வரவு குறைவது. சூட்டைத் தீர்மானிப்பது இருப்பு.

இவ்வளவு குறைந்த பங்கு என்ன செய்துவிடும் என்று கேட்பவரிடம் பெருங்காயத்தைக் காட்டுங்கள். ஒரு அண்டா சாம்பாருக்கு ஒரு சிட்டிகை போதும். வெயிலில் சூடேறிய பூமி அந்தச் சூட்டை மேலே திருப்பி அனுப்பும்போது, கரியமில வாயு அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. போர்வை தடித்தால் உள்ளே சூடு கூடும். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரீனியஸ் 1896-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

நமக்கு வரும் நட்டம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் என் கிடங்கில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அடி வரிசைத் துவரம் பருப்பும் சர்க்கரையும் போயின. பருப்பு மூட்டை ஊறிய வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அந்தப் புயலைக் கரியமில வாயுதான் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். புயல் அதற்கு முன்பும் வந்ததுதான். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும். அடுத்த முறை அடி வரிசையோடு நிற்குமா என்பதே என் கவலை.

கடலரிப்பிலும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்ததற்கு முக்கியக் காரணம் துறைமுகச் சுவர். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அது தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை தேய்ந்தது. அந்தப் பழியை வாயுவின் மேல் போடுவது பொய்க் கணக்கு. ஆனால் 1901-க்குப் பின் உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஏற்கெனவே தேய்ந்த கரைக்கு அது கூடுதல் சுமை.

கடையில் செய்யக்கூடியவை

1. பழைய மின்விசிறி 75 வாட். புதிய பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட். நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால், ஒரு விசிறிக்கு ஆண்டுக்கு 230 யூனிட் மிச்சம். உங்கள் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். காற்றுக்கு மிச்சம் சுமார் 160 கிலோ.

2. ஃப்ரீசரை வெயிலில் வைக்காதீர்கள். பின்புறக் கம்பிச் சுருளில் தூசி தட்டுங்கள். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்தால் ரப்பரை மாற்றுங்கள்.

3. செங்குன்றம் அரிசி மண்டிக்கு இரண்டு கடைக்காரர் தனித்தனியே அரை லோடு ஏற்றிவருவதைவிட, ஒரே குட்டியானையில் முழு லோடு ஏற்றலாம். வாடகையும் டீசலும் பாதியாகும்.

4. கிடங்குக் கூரை வைத்திருப்பவர்கள் சூரிய மின் தகடு பற்றி விசாரியுங்கள்.

5. கிடங்கில் மூட்டை அடுக்கும் பலகையை ஓரடி உயர்த்துங்கள். இது வாயுவைக் குறைக்காது, பருப்பைக் காக்கும்.

நம் சில கடைகளால் உலக இருப்பு இறங்கிவிடாது என்பதை நான் அறிவேன். ஆனால் நம்மிடம் இன்னொன்று இருக்கிறது. தினமும் நூறு பேர் நம் கல்லா முன் நிற்கிறார்கள். கூட்டத்துக்குப் போகாதவரும் பத்திரிகை படிக்காதவரும் நம் விலைப் பலகையைப் படிக்காமல் போவதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மே மாதத்தில்தான் மௌனா லோவாவில் இந்த அளவு உச்சத்தில் நிற்கும். பிறகு வடபாதி உலகில் செடிகொடி தழைத்து வாயுவை உறிஞ்ச, சற்று இறங்கும். மே 5 நம் வணிகர் தினம். அந்த மாதம் முழுவதும் விலைப் பலகையில், பருப்பு விலைக்குக் கீழே, ஒரு வரி எழுதி வைப்போம்: "காற்றில் கரியமில வாயு, பத்து லட்சத்தில்: அன்று 280, 1958-இல் 315, 2024-இல் 424."

"இது என்ன விலை அண்ணாச்சி?" என்று யாராவது கேட்பார்கள். அப்போது சிலிண்டர் கணக்கைச் சொல்லுங்கள், கிடங்குக் கணக்கையும் சொல்லுங்கள். என் பலகையில் இன்றே எழுதிவிட்டேன்.