செஞ்சிக் குன்றுகளுக்கு நடுவே சைக்கிளில்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மலைப்பக்கம் சைக்கிள் ஓட்டப் போகலாமா என்று யாராவது கேட்டால், உடனே ஏற்காடு, கொல்லிமலை என்றுதான் பேச்சு போகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏறுவது பெரிய காரியம்தான். ஆனால் குன்றும் வேண்டும், வயல்வெளியும் வேண்டும், பழைய ஊர்களில் இறங்கி நின்று பார்க்கவும் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது செஞ்சியைத்தான். திண்டிவனத்திலிருந்து மேற்கே கிளம்பிச் சில கிலோமீட்டர் போனதும், யாரோ கையால் அடுக்கி வைத்ததுபோல் உருண்டைப் பாறைக் குன்றுகள் வரத் தொடங்கும். சாலை அவற்றின் மேல் ஏறுவதில்லை, இடையில் புகுந்து போகிறது. கால்களுக்குப் பெரிய சோதனை கிடையாது. சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் மட்டுமே.

இங்கே பத்து கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒரு குடைவரையோ, சமணக் குன்றோ, பல்லவர் கோயிலோ வந்துவிடும். அதனால் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், எங்கெங்கே இறங்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்.

செய்ய வேண்டியவை

• திண்டிவனத்தில் தொடங்கி விழுப்புரத்தில் முடியுங்கள். திண்டிவனம்–செஞ்சி சுமார் 28 கிலோமீட்டர், செஞ்சி–விழுப்புரம் ஏறத்தாழ 40. மேல்சித்தாமூர், சிங்கவரம், பனமலை, மண்டகப்பட்டு என்று கிளைச் சாலைகளில் நுழைந்து வந்தால் மொத்தம் நூறை ஒட்டி வரும். விழுப்புரத்திலிருந்து மறுபடியும் திண்டிவனத்துக்கு நான்குவழிச் சாலையில் மிதித்து வட்டத்தை முடிக்க ஆசைப்பட வேண்டாம். அந்தப் பகுதியில் சைக்கிள்காரருக்குப் பார்க்க ஒன்றும் இல்லை, பயப்பட நிறைய இருக்கிறது.

• இரண்டு நாள் ஒதுக்குங்கள். நூறு கிலோமீட்டரை ஒரே நாளில் ஓட்டக்கூடியவர்களுக்கும் இதையே சொல்கிறேன். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்று சுமார் 800 அடி உயரம். படியேறி உச்சிக்குப் போய் இறங்க இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். மிதித்துக் களைத்த தொடைக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். சிவாஜி 1677-ல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். பிறகு அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியபோது, ஜுல்ஃபிகர் கான் தலைமையில் வந்த முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுத்தான் உள்ளே நுழைய முடிந்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள் கைக்கு வந்தது. 2025-ல் மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். எட்டு வருடம் ஒரு பேரரசின் படையைக் காத்திருக்க வைத்த இடத்தைக் கல்யாண மகால் வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடந்து போவது நியாயமில்லை. முதல் நாள் காலை கோட்டை, மதியம் ஓய்வு, மாலையில் சிங்கவரமும் திருநாதர்குன்றும். மறுநாள் விடியலில் தெற்கே கிளம்பினால் வெயில் உறைக்கும் முன் விழுப்புரம் போய்விடலாம்.

• மேல்சித்தாமூருக்குள் கட்டாயம் போங்கள். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர் இது. பார்சுவநாதர் கோயிலும் பாறையில் செதுக்கிய பழைய தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கின்றன. சமணம் என்றால் பள்ளிப் பாடத்தோடு முடிந்த கதை என்று நினைப்பவர்கள், இந்த வட்டாரத்து ஊர்களில் இன்றும் நெல்லும் மல்லாட்டையும் பயிரிட்டு வாழும் நயினார் குடும்பங்களைப் பார்க்க வேண்டும். திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களையும் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற ஆசிரியரைப் பற்றிய பழைய கல்வெட்டும் அங்கேதான். உச்சி வெயிலில் போனால் சிற்பமெல்லாம் தட்டையாகத் தெரியும். வெயில் சாய்ந்த பிறகு போங்கள்.

• மண்டகப்பட்டையும் பனமலையையும் ஒரே காலையில் பாருங்கள். மண்டகப்பட்டுக் குடைவரை முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் இந்தக் கோயிலை எடுப்பித்ததாக அரசனே கல்வெட்டில் சொல்கிறான். சின்ன மண்டபம்தான், இரு பக்கமும் வாயிற்காவலர்கள் நிற்கிறார்கள். நூறாண்டுக்குப் பிறகு, காஞ்சி கைலாசநாதரைக் கட்டிய அதே ராஜசிம்மன் பனமலையில் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயிலைக் கற்களை அடுக்கிக் கட்டினான். பாறையைக் குடைந்த காலத்திலிருந்து கல்லை அடுக்கிக் கட்டிய காலத்துக்கு ஒரு மணி நேர மிதிப்பில் போய்விடலாம். காரில் போனால் இது இரண்டு தனித்தனிச் சுற்றுலாத் தலம். சைக்கிளில் போகும்போதுதான் நடுவில் உள்ள பாறையும் ஏரியும் வயலும் சேர்ந்து, இங்கே ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பது புரிகிறது. பனமலையில் பார்வதி ஓவியத்தின் எஞ்சிய பகுதியைத் தவறவிடாதீர்கள். சன்னதி பூட்டியிருந்தால் ஊருக்குள் போய் “ஐயா, குருக்கள் வீடு எது?” என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள்.

• செருப்பும் வேட்டியும் பையில் இருக்கட்டும். கிளீட் வைத்த ஷூவோடு பாறைப் படியில் ஏறினால் வழுக்கும், பழைய கல்லையும் கீறும். இறுக்கமான சைக்கிள் கால்சட்டையோடு சன்னதியில் நிற்பது அங்குள்ளவர்களுக்குச் சங்கடம். ஒரு வேட்டியோ மெல்லிய பருத்திப் பேன்ட்டோ கால் கிலோகூட இருக்காது.

• டியூப் இரண்டு, பேட்ச், பம்பு. சீமைக்கருவேல முள் சாலையோரமெல்லாம் கிடக்கும். கிராமத்து சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டித் தருவார்கள். ஆனால் ரோடு பைக்குக்கான மெல்லிய டியூபும் பிரெஸ்டா வால்வும் அங்கே கிடைக்காது. டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

• பள்ளி நேரத்தில் வேகத்தைக் குறையுங்கள். அரசு கொடுத்த சைக்கிளில் பிள்ளைகள் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து பேசிக்கொண்டே வருவார்கள். இந்தச் சாலைகளில் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அவர்கள்தான். அவர்களை மணியடித்து ஒதுக்கிவிட்டு முந்த நமக்கு உரிமையில்லை.

செய்யக்கூடாதவை

• சாலையில் காயும் தானியத்தின் மேல் ஏற்றாதீர்கள். அறுவடை முடிந்ததும் நெல், உளுந்து, கேழ்வரகு எல்லாவற்றையும் கிளைச் சாலையில் பரப்பிக் காயவைப்பார்கள். சில இடங்களில் கற்களை வரிசையாக வைத்து எல்லை போட்டிருப்பார்கள். சைக்கிளோட்டிகள் சிலர் இதைப் பார்த்துச் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஊரில் களம் போதவில்லை என்பதால்தான் அவர்கள் சாலைக்கு வருகிறார்கள். அந்தக் குவியல் ஒரு குடும்பத்தின் மூன்று, நான்கு மாத உழைப்பு. இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் ஒரு நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். உளுந்துக் கொடியின் மேல் பிரேக் பிடித்தால் விழுவதும் நாம்தான்.

• நடுகல், அய்யனார் குதிரை, குடைவரைத் தூண் எதிலும் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். புளிய மரம் இருக்கிறது, டீக்கடைச் சுவர் இருக்கிறது. கல்வெட்டு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் கூடவே கூடாது.

• திருவக்கரையைச் சாதாரண வேலை நாளில் இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள். கல்மரப் பூங்காவும் சந்திரமௌலீசுவரர் கோயிலும் பார்க்க வேண்டியவைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பக்கம் கல்குவாரிகள் அதிகம். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடும், சாலை உடைந்திருக்கும், புழுதி கண்ணை மறைக்கும். போவதானால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் போங்கள்.

• கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். காற்றை மறைக்கிறதே என்று சிலர் செய்கிறார்கள். அகலமான பாரம், பின்விளக்கு இருக்காது, கட்டு அவிழ்ந்தால் கழி நேராகச் சக்கரத்துக்குள் வரும்.

• ஸ்ட்ராவா நேரத்துக்காக ஊருக்குள் பறக்காதீர்கள். பெயின்ட் அடிக்காத வேகத்தடை, திடீரென்று குறுக்கே வரும் ஆடு, திண்ணையில் இருந்து இறங்கும் பாட்டி எல்லாம் ஊருக்குள்தான். சராசரி வேகம் காட்ட ஆசையிருந்தால் ஊர்களுக்கு இடையில் நீளமான நேர் சாலைகள் இருக்கின்றன.

• நாய் துரத்தினால் மிதித்துத் தப்பிக்க முயலாதீர்கள். வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, தேவையானால் இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

• அனுமதியில்லாமல் ட்ரோன் வேண்டாம். கோட்டைக் குரங்குகள் முன்னால் தின்பண்டப் பொட்டலத்தைத் திறக்கவும் வேண்டாம்.

• பங்குனி பிறந்துவிட்டால் போகாதீர்கள். பாறை பகல் முழுதும் வெயிலைக் குடித்து இரவிலும் சூட்டைக் கக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழி, தை, மாசி மூன்றும்தான் சரியான மாதங்கள். மார்கழி விடியலில் பனி மூடியிருக்கும், அதனால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியாமல் கிளம்பக்கூடாது.

• அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் இந்தச் சாலைகளில் இறங்காதீர்கள். அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து பேருந்தும் வேனுமாக மக்கள் திரளுவார்கள். செஞ்சியைச் சுற்றி எல்லாச் சாலையும் அன்று அவர்களுக்குத்தான். பௌர்ணமியில் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம் திண்டிவனம் சாலையை நிறைத்துவிடும். இரவெல்லாம் கண் விழித்த ஓட்டுநர்கள் விடியலில் திரும்பி வரும் நேரமும் நீங்கள் சைக்கிளை எடுக்கும் நேரமும் ஒன்று. ஆகவே விடுமுறை கிடைக்கிறதா என்று பார்க்கும் முன்னால் காலண்டரில் இந்த இரண்டு நாட்களையும் பாருங்கள். அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் தள்ளி, தை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.